“தற்காலிகம்தானே”: ஒரு கம்பஸ் ஊரின் சாப்பாட்டுக்கடைகளும் பார்களும்

(சென்ற மாதம் ஸ்காபரோவில் நடந்த எங்கள் இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியை அதிகம் திருத்தவில்லை. கேள்வி பதில் பகுதி இதில் இல்லை.)



எனக்குத் தந்த தலைப்பு “மாணவர்களும் தொழிலாளர்களும்”. அது ஒரு கடல், இருபது நிமிசத்தில நீந்திக் கடக்க ஏலாது. அதனால நான் இப்போது படிக்கிற ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரிலும் சாப்பாட்டுக்கடைகள், கோப்பிக்கடைகள், பார்கள் இருக்கிற இரண்டு மூன்று தெருக்களை மட்டும்.

ஊரின் பெயர் இத்தாக்கா. நியூயோர்க் மாநிலம்தான், ஆனால் நியூயோர்க் நகரத்திலிருந்து நாலு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளி. இங்கிருந்து போறதெண்டால் எல்லை கடந்து பஃபலோவைத் தாண்டிப் போகவேணும். 2020 கணக்கெடுப்பில் சனத்தொகை 32,108. ஒரு மலையில கோர்னெல் பல்கலைக்கழகம். அங்கே மட்டும் 25,000க்கு மேல் மாணவர்கள். இன்னொரு மலையில இத்தாக்கா கொலிஜ். கீழே பள்ளத்தில ஊர். ஊர்ச் சனத்தொகைக்குள்ளேயே மாணவர்களில் ஒரு பெரிய பங்கு அடக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கோ.

எனக்கு அங்கே இடம் கிடைத்தபோது வந்த முதல் அறிவுரைகள் படிப்பைப் பற்றியவை இல்லை. எங்க நல்ல பேகல், எந்த பாரில் வியாழக்கிழமை மலிவு, அம்மா அப்பா வந்தால் எங்க கூட்டிக்கொண்டு போறது, இதுகள்தான். ஒரு கம்பஸ் ஊரை நாங்கள் அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்ளுகிறோம். ஆர் சமைக்கினம், ஆர் கழுவினம், அவர்களுக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்டு அந்தப் பட்டியல்களில் ஒருநாளும் இருக்காது. வாய்க்கு ருசியா இருக்கிறதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எனக்கும் அந்த பேகல் பிடிக்கும்.

முதல்ல தெருக்களைப் பார்ப்பம். மலையில, கம்பஸ் வாசலில் இருக்கிற பகுதியைக் கொலிஜ்டவுன் என்பார்கள். கீழே ஊரின் நடுவில் கொமன்ஸ், வாகனம் ஓடாத கடைத்தெரு, 1970களின் நடுவில் அமைத்தது. அதை ஒட்டித்தான் ஊரின் பெரிய சாப்பாட்டுக்கடைகள். இரண்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கவைக்கிற ஒரு ஏற்றம். மலையில மாணவர் குடிப்பார்கள், கீழே பேராசிரியர்களும் ஊர்ச்சனமும் சாப்பிடுவார்கள் எண்டு ஒரு பொதுவான கதை இருக்கு. முழுக்க உண்மை இல்லை, ஆனால் வாடகையும் விலையும் ஓரளவுக்கு அப்படித்தான் பிரிந்திருக்குது.

மலையில இருந்த பழைய பார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. பாம்ஸ் என்ற பார் 2012-இல் மூடியது. சாப்டர் ஹவுஸ் 2015-இல் தீயில் எரிந்தது. பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் இருந்த நைன்ஸ் 2018-இல் மூடியது. ஒவ்வொரு தடவையும் பழைய மாணவர்கள் உருகி உருகி எழுதினார்கள். எனக்கு அது விளங்குது, இளமை போன இடம் அது. ஆனால் அந்த இரங்கல்களை வாசித்தால் ஒரு விசயம் தெரியும்: மேசை ஞாபகம் இருக்கு, சுவரில் கீறின பெயர் ஞாபகம் இருக்கு, கிளாஸ் எடுத்து வைத்தவர் அதுக்குப் பிறகு எங்க வேலைக்குப் போனார் எண்டு ஒருவரும் கேட்கவில்லை. இன்னொரு பாருக்கு ரலொஃப் எண்டு ஒரு கொலைகாரனின் பெயரையே வைத்திருந்தார்கள். 1871-இல் தூக்கிலிட்ட ஆள். அவருடைய மூளை இன்னும் கோர்னெலில் இருக்குது. வரலாற்றில் இடம்பிடிக்க என்ன செய்யவேணும் எண்டு சில நேரம் யோசிப்பன்.

பார்கள் சுருங்கியதுக்கு நிலமும் வாடகையும் ஒரு காரணம். சட்டம் இன்னொன்று. 1984-இல் அமெரிக்க மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது: குடிக்கிற வயதை 21 ஆக்கு, இல்லாட்டி நெடுஞ்சாலைக் காசில் வெட்டு. நியூயோர்க் 1985 டிசம்பரில் 21 ஆக்கியது. அதுவரை 19, அதுக்கு முதல் 18. நாலு வருசப் படிப்பில் முதல் இரண்டரை மூன்று வருசமும் பாருக்குள் சட்டப்படி குடிக்க ஏலாது எண்டால் பாரின் வாடிக்கையாளர் யார்? கடைசி வருசக்காரரும் எங்களைப் போன்ற முதுகலைக்காரரும்தான். மிச்சக் குடி தனியார் வீடுகளுக்குள்ளும் ஃபிரட்டேர்னிட்டி வீடுகளுக்குள்ளும் போனது. ஆனால் அதே மாநிலத்தில் 18 வயதில் மதுவை ஊற்றிக் கொடுக்கலாம். 18 வயதுப் பிள்ளை தான் வாங்க முடியாத சாமானை இரவு ஒரு மணி வரைக்கும் நின்று விற்கலாம். வாங்குகிற உரிமைக்கு நீ சின்னப்பிள்ளை, உழைக்கிறதுக்கு நீ பெரியாள். இளம் தொழிலாளர் பற்றி நாங்கள் அடுத்த முறை பேசும்போது இதிலிருந்து தொடங்கலாம்.

இப்ப காசுக்கு வருவம். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளருக்கு வேற அடிப்படைச் சம்பளம். மத்திய சட்டத்தில் அது மணித்தியாலத்துக்கு 2.13 டொலர். 1991-இலிருந்து ஒரு சதம் ஏறவில்லை. இங்கே ரிம் ஹோட்டன்ஸில் வேலை செய்த ஆரும் அதைக் கேட்டுச் சிரிப்பினம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போல ஏழு மாநிலங்கள் இந்த வித்தியாசத்தை வைத்திருக்கவில்லை. நியூயோர்க் நடுவில நிக்குது. இத்தாக்கா இருக்கிற வடபகுதியில் 2025-இல் பொதுவான குறைந்தபட்சம் 15.50 டொலர், சாப்பாட்டுக்கடையில் டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி கையால் கொடுக்கவேண்டியது 10.35. மிச்ச 5.15ஐயும் வாடிக்கையாளரின் நல்ல மனசு நிரப்பவேணும். நிரப்பாவிட்டால் முதலாளி நிரப்பவேணும் எண்டு சட்டம் சொல்லுது. அதை எழுதிக் கணக்கு வைத்து, போய்க் கேட்டு வாங்குவது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் பொறுப்பாகிவிடும்.

ஒன்ராறியோவில் எங்களுக்கும் இது இருந்தது, மறந்துவிட வேண்டாம். மது பரிமாறுகிறவர்களுக்கென்று தனியான, குறைந்த சம்பளம் இருந்தது. 2022 ஜனவரி 1-ஆம் திகதிதான் அதை எடுத்தார்கள்.

டிப்ஸில் எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது சம்பளத் தொகையைவிட வேற ஒன்று. நியூயோர்க் மாநில விதிப்படி டிப்ஸை வாடிக்கையாளருக்கு நேரே சேவை செய்கிறவர்கள்தான் பங்கு போடலாம். சமைக்கிறவருக்கும் கோப்பை கழுவுகிறவருக்கும் அதில் பங்கு கொடுக்க ஏலாது. முதலாளி மனேஜர் கையில டிப்ஸ் போகாமல் தடுக்கத்தான் அந்த மாதிரி விதிகள் வந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் நடைமுறையில் கடைக்கு நடுவில ஒரு கோடு விழுந்துவிட்டது. முன்பக்கம் சேர்வர், பார்டெண்டர்: பெரும்பாலும் மாணவர், நல்ல ஆங்கிலம், வெள்ளிக்கிழமை இரவு கை நிறையக் காசு. பின்பக்கம் குசினி: பெரும்பாலும் குடிவந்தவர்கள், மணித்தியாலச் சம்பளம் மட்டும். கம்பஸ் ஊர்க் கடையில் அந்தக் கோடு வகுப்புக் கோடாகவும் இனக் கோடாகவும் வயதுக் கோடாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யுது. வெள்ளி இரவு கூட்டம் நிறைந்தால் முன்பக்கத்துக்குச் சந்தோசம். அதே கூட்டம் பின்பக்கத்துக்கு வெறும் வேர்வை. இரண்டு பேரையும் ஒரே சங்கத்துக்குள் கொண்டுவரப் போகிறவர் முதல்ல இதைக் கணக்கில் எடுக்கவேணும். “நாங்கள் எல்லாரும் தொழிலாளர்” எண்டு போய்ச் சொன்னால் குசினியில இருக்கிற அண்ணை சிரிச்சுப்போட்டுத் திரும்பிவிடுவார்.

இதில் விசாக்காரர் இன்னொரு வகை. அமெரிக்காவில் மாணவ விசாவில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் கம்பஸுக்கு வெளியே ஒரு சாதாரணக் கடையில் வேலை செய்ய ஏலாது. கம்பஸுக்குள், படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், அவ்வளவுதான். கனடாவில் வெளியே வேலை செய்யலாம்; 2024 நவம்பரிலிருந்து கிழமைக்கு 24 மணித்தியாலம் வரை. இந்த எண்களுக்கு மேல் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவுடன் அந்தப் பிள்ளையின் சம்பளமும் நாட்டில் இருக்கிற உரிமையும் முதலாளியின் வாயில் இருக்குது. காசைக் குறைத்துக் கொடுத்தாலும் கேட்க ஆள் இல்லை. இது இத்தாக்காக் கதை மட்டும் இல்லை எண்டு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆக்களின் கடைகளிலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்கள் நிற்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்குது, கடைக்காரர் மாமா ஊருக்கெல்லாம் வேண்டியவர், கோயிலுக்கும் கொடுக்கிறவர்.

சரி, இப்ப நான் உண்மையில் பேச வந்த சொல்லுக்கு வாறன். தற்காலிகம்.

எங்கட அப்பாமார், மாமாமார் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் கோப்பை கழுவினவர்கள். “கோப்பை கழுவினது” என்பது எங்கட மொழியில் ஒரு முழு வாழ்க்கைக்குப் பெயர். என்ர அப்பாவிடம் அந்த வருசங்களைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்லுறது ஒரு வசனம்தான்: “அது தற்காலிகமாத்தானே செய்தது.” காட் கிடைக்கும் வரைக்கும். ஊருக்குத் திரும்பும் வரைக்கும். நல்ல வேலை வரும் வரைக்கும். அந்தத் தற்காலிகம் அவருக்குப் பதினொரு வருசம் நீண்டது. அந்தப் பதினொரு வருசத்தில் சங்கம் எண்ட சொல் அவர் வாயில் வரவில்லை. போகப்போகிற இடத்தில் ஏன் சண்டை?

கம்பஸ் ஊரில் மாணவர் சொல்லுறதும் அதே சொல்தான். “டிகிரி முடியும் வரைக்கும்தானே.” “இந்தச் செமஸ்டர்தானே.” இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவோ வித்தியாசம்: ஒருவர் அகதி, மற்றவருக்கு முன்னால வாழ்க்கை திறந்து கிடக்குது. ஆனால் முதலாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். போகிற ஆள் சம்பள உயர்வு கேட்கமாட்டார், ஓய்வூதியம் கேட்கமாட்டார், வழக்குப் போடமாட்டார். போட்டாலும் தீர்ப்பு வரும்போது ஊரில் இருக்கமாட்டார். ஒவ்வொரு ஓகஸ்டிலும் புது ஆக்கள் வந்து இறங்குவினம். இந்தத் தொழில் முழுவதும் அந்த வருகையை நம்பி நடக்குது.

கடையின் கலண்டரைப் பல்கலைக்கழகம்தான் எழுதுது. ஓகஸ்ட் கடைசியில் கூட்டம் வரும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைக்கும் ஊர் காலி. மே பட்டமளிப்பு வார இறுதியில் மேசை கிடைக்காது. அடுத்த கிழமையே ஷிஃப்ட்கள் பாதியாகும். மாணவத் தொழிலாளர் அந்தக் காலத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். ஊரிலேயே இருக்கிற தொழிலாளர் எங்க போறது? ஜூன் மாத வாடகை ஜூனில்தான் கட்டவேணும். 2020 மார்ச்சில் மாணவரை வீட்டுக்கு அனுப்பினபோது இந்தக் கலண்டரை இடையில கிழித்த மாதிரி ஆகியது. அப்போது கீழ்த்தெருக்கள் எவ்வளவு தூரம் மலையை நம்பி நின்றன எண்டு எல்லாருக்கும் தெரிந்தது.

இந்த இடத்தில் ஸ்டார்பக்ஸ் கதை. உங்களில் பலருக்குத் தலைப்புச் செய்தி தெரியும், திகதிகளைக் கவனித்திருக்கமாட்டீர்கள்.

2021 டிசம்பரில் பஃபலோவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடைத் தொழிலாளர் வாக்களித்து யூனியன் அமைத்தார்கள். அதற்கு நாலு மாதம் கழித்து, 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி, இத்தாக்காவில் இருந்த மூன்று ஸ்டார்பக்ஸ் கடைகளும் ஒரே நாளில் யூனியனுக்கு வாக்களித்தன. கொலிஜ் அவெனியூவில் 19க்கு 1, கொமன்ஸ் பக்கத்துக் கடையில் 15க்கு 1, மெடோ தெருவில் 13க்கு 1. ஒரு நகரத்தின் அத்தனை ஸ்டார்பக்ஸும் யூனியனான முதல் அமெரிக்க ஊர் அது. அந்த எண்களைப் பாருங்கோ. “போகப்போகிற ஆள் சண்டை பிடிக்கமாட்டார்” எண்ட கணக்கு அன்றைக்குப் பிழைத்தது. ஏன் பிழைத்தது? என்னுடைய கருத்து: மாணவருக்கு அந்தக் கடைச் சம்பளத்தை இழப்பது மற்றவர்களுக்கு இருக்கிற அளவு பயம் இல்லை. தற்காலிகம் என்பது ஆளை அடக்கவும் செய்யும், துணியவும் வைக்கும். அதோடு ஊரில் பழக்கமும் இருந்தது. கிம்மி கொஃபி எண்ட உள்ளூர்க் கோப்பிக்கடையின் தொழிலாளர் 2017-இலேயே யூனியன் அமைத்திருந்தார்கள்.

வாக்களித்து ஒரு கிழமைக்குப் பிறகு கொலிஜ் அவெனியூக் கடையில் கழிவு எண்ணெய்த் தொட்டி பொங்கி வழிந்தது. இதில வேலை செய்ய ஏலாது எண்டு தொழிலாளர் வெளியே இறங்கினார்கள். ஜூன் 3-ஆம் திகதி கம்பனி அறிவித்தது: அந்தக் கடையை மூடுகிறோம். ஜூன் 10 மூடியாச்சு. சொன்ன காரணங்களில் அந்தத் தொட்டியும் ஒன்று. அடுத்த வருசம் மற்ற இரண்டு கடைகளையும் மூடினார்கள், 2023 மே 26-ஆம் திகதி வெள்ளிக்கிழமை.

முதல் கடை மூடியது பட்டமளிப்பு முடிந்து இரண்டு கிழமையில். மற்ற இரண்டும் மூடியது பட்டமளிப்பு வார இறுதியில். வேணுமெண்டு பார்த்து வைத்த திகதி எண்டு நான் சொல்லவில்லை, அதுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஊரில் மாணவர் இல்லாத நாளாகத் தேடியிருந்தாலும் இதைவிட நல்ல திகதிகள் கிடைத்திருக்காது.

2023 ஜூலையில் அமெரிக்காவின் தேசியத் தொழிலுறவுச் சபையின் நீதிபதி ஒருவர், கொலிஜ் அவெனியூக் கடையை மூடியது சட்டவிரோதம், திரும்பத் திறக்கவேணும் எண்டு தீர்ப்புச் சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது வரும்போது கடை மூடி ஒரு வருசத்துக்கு மேல். மிச்ச இரண்டு கடைகளும் இல்லை. வாக்களித்தவர்களில் படிப்பு முடித்தவர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். தொழிற் சட்டம் வருசக் கணக்கில் ஓடுது, மாணவர் வாழ்க்கை செமஸ்டர் கணக்கில் ஓடுது. நாடு முழுக்க எடுத்தாலும் அப்படித்தான்: முதல் கடை வாக்களித்து நாலு வருசமாகி 2025 முடியும் வரைக்கும் ஸ்டார்பக்ஸில் ஒரு யூனியன் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகவில்லை. இழுத்தடிக்கிறதே ஒரு உத்தி. ஆக்கள் மாறிக்கொண்டிருக்கிற தொழிலில் அதுக்கு இரட்டிப்புப் பலன்.

இத்தாக்கா மாணவர்கள் அதோடு விடவில்லை. கடைகளை மூடப்போகிற அறிவித்தல் 2023 மே தொடக்கத்தில் வந்தபோது அவர்கள் ஸ்டார்பக்ஸ் வாசலுக்குப் போகவில்லை, பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். கோர்னெலின் சாப்பாட்டுக்கூடங்களில் ஸ்டார்பக்ஸ் கோப்பி விற்க ஒரு ஒப்பந்தம் இருந்தது. அதை வெட்டு எண்டு கேட்டார்கள். அந்த ஓகஸ்டில் பல்கலைக்கழகம் சொன்னது, 2025-இல் ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்கமாட்டோம். எனக்கு இந்த இடம் முக்கியம். ஒரு மாணவர் தன் கோப்பியைக் கைவிட்டால் ஐந்து டொலர். பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் போனால் முழுக் கம்பஸ். கம்பஸ் ஊரில் பெரிய வாங்குபவரும் பெரிய நிலக்காரரும் பெரிய முதலாளியும் ஒரே ஆள்தான். வரி விசயத்திலும் பாருங்கோ, பல்கலைக்கழக நிலத்தில் பெரும்பகுதிக்குச் சொத்து வரி இல்லை. ஊருக்கு அதற்குப் பதிலாக வருசம் 4 மில்லியன் டொலர் கொடுக்க 2023-இல்தான் ஒப்புக்கொண்டார்கள், அதுவும் இழுபறிக்குப் பிறகு. கீழ்த்தெருக் கடையின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஒரு கை மலையிலிருந்து நீளுது எண்டால் மாணவர் பிடிக்கவேண்டியது அந்தக் கையைத்தான்.

ஆனாலும் கொண்டாட்டத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. ஒப்பந்தம் போனதால் மெடோ தெருவில் வேலை இழந்த ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வென்றது கம்பஸ், இழந்தது ஊர். எங்கட இயக்கங்களில் இது அடிக்கடி நடக்கிற காரியம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு போராட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுறன். 2024 ஓகஸ்ட் 18. கோர்னெலின் சமையற்காரர், துப்புரவுத் தொழிலாளர், பராமரிப்புத் தொழிலாளர், கிட்டத்தட்ட 1,200 பேர், யூஏடபிள்யூ 2300 எண்ட சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது புதிய மாணவர்கள் பெற்றோரோடு வந்து பெட்டி இறக்குகிற நேரம். பெட்டி தூக்கிக்கொண்டு வந்த பெற்றோர் மறியலைத் தாண்டித்தான் உள்ளே போகவேணும். சாப்பாட்டுக்கூடங்களில் சமைக்க ஆள் இல்லை. இரண்டு கிழமையில் ஒப்பந்தம் வந்தது, நாலு வருசத்தில் 20 வீதத்துக்கு மேல் சம்பள உயர்வோடு.

ஸ்டார்பக்ஸ் கதையில் கலண்டர் முதலாளியின் கையில். இதில் தொழிலாளர் கையில். வித்தியாசத்துக்குக் காரணம் திகதி மட்டும் இல்லை. 2300 சங்கத்தில் இருப்பவர்கள் ஊர்ச்சனம். இருபது வருசம், முப்பது வருசம் அந்தக் குசினிகளில் நின்றவர்கள் இருக்கினம். கடந்த ஒப்பந்தத்தில் என்ன ஏமாற்றினார்கள் எண்டு அவர்களுக்கு ஞாபகம் இருக்கு. மாணவர் அதில் தலைமை தாங்கவில்லை, மறியலில் பின்னால் நின்றார்கள். எங்கட வயதில் பின்னால் நிற்கிறது கஷ்டம். ஒலிபெருக்கியைக் கண்டால் கை தன்பாட்டில் நீளும்.

கோர்னெல் பற்றி ஒரு பக்கக் குறிப்பு, இதைச் சொல்லாமல் போக ஏலாது. அதே கம்பஸில் 1945-இல் தொடங்கிய தொழிலுறவுக் கல்லூரி இருக்குது. தொழிற்சங்கச் சட்டம், வேலைநிறுத்த வரலாறு எல்லாம் படிப்பிக்கினம். அதே கம்பஸில் 1922-இல் தொடங்கிய ஹோட்டல் நிர்வாகப் படிப்பும் இருக்குது; ஆளுக்கான செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது எண்டு படிப்பிக்கினம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இரவில ஒரே பாரில் இருந்துதான் குடிக்கினம். ஆர் அதிகம் வேலை கற்றுக்கொண்டு வெளியே போகினம் எண்டு நீங்களே ஊகியுங்கோ.

கூட்டுறவுக் கடைதான் பதில் எண்டு எங்களில் சிலர் சொல்லுவினம், போன மாசம் அதைப் பற்றி நல்ல விவாதமும் நடந்தது. இத்தாக்காவில் அதுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் இருக்குது: மூஸ்வூட். 1973-இல் ஏழு பேர் சேர்ந்து பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் தொடங்கின மரக்கறிச் சாப்பாட்டுக்கடை. முதலாளி இல்லை, வேலைகளை மாறி மாறிச் செய்தார்கள். சமையற் புத்தகம் போட்டு அமெரிக்கா முழுக்க மரக்கறிச் சாப்பாட்டைக் கொண்டுபோனார்கள். பல தசாப்தம் கூட்டாகவே நடத்தினார்கள். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அது நிலைத்ததுக்குக் காரணம் அந்த ஆக்கள் ஊரிலேயே தங்கி, அங்கேயே பிள்ளை வளர்த்து, அதைத் தங்கள் வாழ்க்கையாக்கினதுதான். நாலு வருசத்தில் போகிற பிள்ளைகளால் அப்படி ஒரு கடை கட்ட ஏலாது. அதோடு ஒரு நல்ல கடை பக்கத்துக் கடையில் அந்தக் குறைந்த சம்பளத்தை மாற்றாது. கூட்டுறவு வேணும், அது யூனியனுக்குப் பதில் இல்லை. இதில் என்னோடு முரண்படுறவர்கள் பிறகு கேளுங்கோ.

இங்க உள்ள ஊர்களுக்கு வந்து முடிக்கிறன். செப்டெம்பரில் உங்களில் சிலர் வாட்டர்லூ, கிங்ஸ்டன், குவெல்ஃப் எண்டு போறீர்கள். இந்த ஒன்ராறியோவிலேயே இது நடந்திருக்கு. 2017 பெப்ரவரியில் யோர்க் பல்கலைக்கழகத்தில் அராமார்க் கம்பனிக்குக் கீழ் வேலை செய்த சாப்பாட்டுக்கூடத் தொழிலாளர், யுனைட் ஹியர் 75-ஆவது கிளை, வேலைநிறுத்தம் செய்தார்கள். படிப்புக் காலத்தின் நடுவில். மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். 15 டொலர் வென்றார்கள், மாநிலமே 15 டொலருக்கு வர முதலே. அந்தக் குசினிகளில் நின்றவர்களில் எங்கட அம்மாமார் வயது ஆக்கள் நிறைய. அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சில வருசம்தான். மாணவர் போய்விட்டார்கள், ஞாபகமும் அவர்களோடு போய்விட்டது. தொழிலாளரிடம் கேட்டால் அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

அதனால நான் கேட்கிறது சின்னக் காரியங்கள். போகிற கம்பஸில் சாப்பாட்டு ஒப்பந்தம் எந்தக் கம்பனியிடம், அது எந்த மாதம் எந்த வருசம் முடியுது எண்டு கண்டுபிடியுங்கோ. அதைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும், சிலவேளை தகவல் கோரிக்கை எழுதவேண்டியும் வரும். சங்கம் இருக்கா, இருந்தால் அவர்களின் ஒப்பந்தம் எப்ப முடியுது எண்டு பாருங்கோ. நீங்கள் வேலை செய்கிற கடையில் டிப்ஸ் குசினிக்குப் போகுதா எண்டு கேளுங்கோ. ஒன்ராறியோவில் குசினியோடு பங்கு போடச் சட்டத்தில் தடை இல்லை, நியூயோர்க் போல இல்லை. முன்பக்கத்தில் நிற்கிறவர்தான் அந்தக் கதையைத் தொடங்கவேணும், குசினியில இருக்கிறவர் வந்து கேட்கமாட்டார். கடை மூடினபிறகு கோப்பை கழுவுகிற இடத்தில் பத்து நிமிசம் நின்று கதையுங்கோ. அவருக்கு அவசரமெண்டால் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு கதையுங்கோ.

கண்டுபிடித்த திகதிகளை ஒக்டோபர் சந்திப்புக்குக் கொண்டுவாங்கோ. ஒரே தாளில் எழுதி வைப்பம், அடுத்த வருசம் வாறவர்களுக்கும் தேவைப்படும். இப்ப கேள்விகளைக் கேளுங்கோ, மூஸ்வூட் ஆக்களிலிருந்து தொடங்கலாம்.